ஃபுல் லோடு அக்கா

"ஆஃப் பண்ணாதீங்க! எதையும் ஆஃப் பண்ணாதீங்க!"

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் முன்பே அக்காவின் குரல் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. கரண்டு வேலைக்கு ஆள் வந்தாயிற்று என்று மெயின் சுவிட்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா பாதி வழியில் கையை உயர்த்தியபடி நின்றுவிடுகிறார். அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே அடுத்த உத்தரவைப் போடுகிறார்.

"அயர்ன் பாக்ஸ் இருக்கா? போடுங்க. மிக்ஸி? அதையும் போடுங்க, சும்மா ஓடட்டும். வெந்நீர் ஹீட்டரை மட்டும் ஏன் விட்டுவைக்கிறீங்க, அதுக்கும் ஒரு தட்டு தட்டுங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்? பின் ரூம்ல ஃபேன் மெதுவா சுத்துதுன்னுதானே கூப்பிட்டோம்."

"எல்லாரும் தூங்குற நேரத்துல வந்து, இந்த வீட்டுல சண்டை உண்டான்னு பார்த்தா என்ன தெரியும்? அமைதியான குடும்பம்னுதான் தோணும். எல்லாரும் முழிச்சிருக்கும்போது பார்க்கணும்."

வீட்டுக்காரம்மா சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று முடிவு செய்வதற்குள் அக்கா பின் அறைக்குப் போய்விட்டார். அவருக்கு எப்போதும் கடைசி அறைதான் வேண்டும். கடைசி அறையில் கடைசி பிளக். அதில் வோல்ட் பார்க்கிற மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகிக்கொண்டு உட்கார்ந்து, காய்ச்சல் பார்க்கிற நர்ஸ் போல எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்கிறார். அயர்ன் பாக்ஸைப் போட்டதும் எண் கொஞ்சம் இறங்குகிறது. மிக்ஸி போட்டதும் இன்னும் கொஞ்சம். ஹீட்டரைப் போட்டதும் படியில் வழுக்கியவன் மாதிரி மொத்தமாக இறங்குகிறது. தலைக்கு மேல் ஃபேன் இப்போது இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற வேகத்தில் சுற்றுகிறது.

"பாருங்க. ஃபேன் நல்ல ஃபேன். அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரல. ஹீட்டரையும் இந்த ஒல்லி ஒயர்லயே கட்டிவிட்டது யாரு?"

வீட்டுக்காரம்மாவின் கணவர் மிக்ஸியை அணைக்கிற சாக்கில் சமையலறைப் பக்கம் நழுவுகிறார்.

இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் அக்கா மெயினை அணைப்பார். அதையும் தானே போய் அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால்தான் பெட்டியில் கை வைப்பார். அந்த விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை, கடவுளே வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் ஃபியூஸ் அக்காவின் பையில்தான் இருக்கும். ஆனால் பார்க்கிற வரைக்கும் வீடு முழு மூச்சில் ஓட வேண்டும். அதனால்தான் நாலைந்து தெருவுக்கு அவர் பெயர் ஃபுல் லோடு அக்கா. சின்னப் பிள்ளைகள் 'ஃபுல் லோடு ஆன்ட்டி' என்கிறார்கள். அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் அட்டையைத் தவிர யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

ஆள் கட்டை குட்டையாக இருப்பார். கொண்டை ஊசி செருகுகிற இடத்தில் டெஸ்டரைச் செருகியிருப்பார். அதைத் தேடாத நாளில்லை. "டெஸ்டரை எங்க வச்சேன்?" என்று பையைக் கவிழ்த்துத் தரையெல்லாம் ஸ்க்ரூவாகப் பரப்பிய பிறகு, வீட்டில் யாராவது தயங்கித் தயங்கி அவர் தலையைக் காட்டுவார்கள். உடுப்புக்கு மேலே பஸ் டிரைவரான தன் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை. அதில் ஒரு பையில் ஸ்க்ரூ, இன்னொரு பையில் பிஸ்கட். பேச்சு சுவாரசியத்தில் பை மாறிப்போய் ஸ்க்ரூவைக் கடித்ததில் முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கிறது. ஸ்கூட்டருக்கு சைலன்ஸர் என்று ஒன்று இருந்தது பெயருக்குத்தான். அடுத்த தெருவில் அவர் திரும்பும்போதே இந்தத் தெருவில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும். இந்த ஸ்கூட்டர் சத்தத்தை மறந்துவிடாதீர்கள், கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

மனிதர்களையும் அவர் ஒயர்க் கணக்கில்தான் பிரிப்பார். யாரையாவது பிடிக்காமல் போனால் "அவரா? ஒல்லி ஒயருங்க" என்பார். "சும்மா பேசிக்கிட்டிருக்கும்போது முழு வோல்ட்டு காட்டுவாரு. ஒரு உதவின்னு லோடு குடுத்துப் பாருங்க, அப்படியே இறங்கிடுவாரு."

அதென்ன ஒல்லி, குண்டு, லோடு என்று கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு விளக்குவார். அதற்கு அவர் வைத்திருக்கிற உதாரணம் ஒரு சந்து. "குறுகலான சந்துல ஒரே ஒரு ஆள் நடந்து போறான்னு வைங்க. தோள் சுவத்துல படாது. கைவீசிக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவான். அதே சந்துல ஒரு ஊரே கூட்டமா போனா? ரெண்டு பக்கமும் சுவரை உரசிக்கிட்டே போவாங்க. போய்ச் சேரும்போது பாதிப் பேருக்குத் தெம்பு இருக்காது. சந்து நீளமா இருந்தா இன்னும் மோசம். ஒயரும் அதேதான். உரசுற உரசல்ல ஒயர் சூடாகும். அந்தச் சூடு யாரோடதுன்னு நினைக்கிறீங்க? உங்க அடுப்புக்குப் போய்ச் சேர வேண்டிய சூடுங்க அது. வழியிலயே செலவாகிப் போகுது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது. அது ஏன் என்று அவரிடம் கேட்டால் "இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க" என்று பேச்சை மாற்றுவார். அவருடைய தம்பியிடம் கேட்டால் முழுசாகச் சொல்வான். கேக் தட்டைத் துடைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொல்வான்.

இது அக்காவுக்கு அந்தப் பெயரும், ஃபியூஸைப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கமும் வருவதற்கு முந்தைய கதை. தம்பி அக்காவுக்கு நேர் எதிர். நெடுநெடுவென்று உயரம், மெல்லிய பேச்சு. ஒரு பெரிய பேக்கரியில் வேலை பார்த்தவன். அங்கே அவன் போட்ட கேக்கை மாஸ்டர் தட்டோடு தூக்கி எல்லோருக்கும் காட்டினாராம். அந்தத் தைரியத்தில் கரண்டில் ஓடுகிற ஒரு பழைய பேக்கரி அடுப்பை வாங்கிக்கொண்டு வந்து, அக்கா வீட்டின் பின்னால் இருந்த தட்டுமுட்டுச் சாமான் கொட்டகையைக் காலி செய்து, வெள்ளை அடித்து, சொந்தத் தொழில் ஆரம்பித்தான். பக்கத்து ஆபீஸ் கேன்டீனில் தினசரி கேக் கொடுக்கப் பேசியும் வைத்துவிட்டான்.

கொட்டகைக்கு ஒயரிங் செய்கிற பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. "என் தம்பி கடையில இன்னொருத்தன் கை வைக்க விட்டுடுவேனா?" என்று அக்கா ஏணியோடு கிளம்பினார்.

மீட்டர் பெட்டி வீட்டு முகப்பில். கொட்டகை வீட்டின் பின்கோடியில். நேராக ஹால் சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் வழி சுருக்கம். ஆனால் ஹால் சுவருக்கு அக்காவின் வீட்டுக்காரர் லீவு போட்டுத் தன் கையாலேயே நீல பெயின்ட் அடித்து முடித்த நேரம் அது. சாப்பிடும்போதுகூட சுவரைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்தார். "அதுல ஓட்டை போட்டா என் நெஞ்சுல போட்ட மாதிரி" என்றார். சரி, போகட்டும் என்று அக்கா ஒயரை முன்பக்கமாக வெளியே எடுத்து, மதில் சுவரின் மேலேயே ஓடவிட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்.

அவ்வளவு நீள ஒயருக்கு எங்கே போவது? அதற்கும் அக்காவிடம் சாக்குப்பை இருந்தது. வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய துண்டு ஒயரையெல்லாம் சேர்த்து வைத்த பை. ஒரு முழம் ஒயரைக்கூட வீணாக்காதவர் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. துண்டுகளை உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஒரே ஒயராக்கினார். எல்லாம் விளக்குக்கும் ஃபேனுக்கும் போடுகிற மெல்லிய ரகம். அளவுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சியது. வெட்ட மனசு வரவில்லை. "பின்னால உதவும்" என்று அதை வளையமாகச் சுருட்டிப் பின் மதிலின் மூலையில் வைத்துக் கட்டிவிட்டார். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சாம்பல் நிறப் பூனைக்கு அந்த வளையம் படுக்கையாயிற்று. கேக் போடுகிற நாளில் மட்டும் பூனை வேறெங்கும் போகாமல் அதிலேயே படுத்துக்கிடக்கும். வாசனைக்கு மயங்கிக் கிடக்கிறது என்று வீடே சொல்லிச் சிரித்தது.

பூனைக்கு இருந்த கவனம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

கொட்டகையில் சுவிட்சு பலகை பொருத்திய அன்று ஒரு சம்பவம். அக்காவின் விரல்கள் பலகைக்குள் இருக்க, அடுப்பு எரிகிற அழகைப் பார்க்கிற ஆசையில் தம்பி முகப்புக்கு ஓடி மெயினைப் போட்டுவிட்டான். அக்கா தூக்கியடிக்கப்பட்டு மைதா மூட்டையின் மேல் போய் விழுந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக எழுந்து வந்து, மெயினைப் போட்ட அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடித்துவிட்டு அழுததும் அவர்தான். "எனக்கு ஒண்ணுன்னா பரவாயில்லடா, உன் கை அதுல இருந்திருந்தா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு சட்டம் போட்டார். "இனிமே நான் இந்தக் கொட்டகைப் பக்கம் வந்தாலே எல்லாம் ஆஃப்ல இருக்கணும். என் வண்டி சத்தம் கேட்டதுமே ஆஃப் பண்ணிடணும். சரியா?"

தம்பி தலையாட்டினான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதம். அன்றிலிருந்து அடுத்த தெருவில் ஸ்கூட்டர் இருமினாலே அவன் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிடும்.

கேக்குகள் அமுங்க ஆரம்பித்தன.

ஓரமெல்லாம் நன்றாக எழும்பும். நடுவில் மட்டும் யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மாதிரி பள்ளம். ஒரே ஒரு தட்டு வைத்தால் ஏதோ ஒப்பேறிவிடும். கேன்டீனுக்காக எல்லாத் தட்டையும் நிரப்பி வைத்தால் எல்லாமே குழி. அக்காவின் வீட்டுக்காரர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். "மச்சான், இந்தப் பள்ளத்துல டீயை ஊத்திக்கிட்டா கப்பே வேண்டாம், ரொம்ப சௌகரியம்" என்று ஒருநாள் சொன்னார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

தம்பி முட்டையைக் கூட்டினான், குறைத்தான். மாவை மாற்றினான். சர்க்கரையைப் பொடித்துப் பார்த்தான், பொடிக்காமல் பார்த்தான். கடைசியில், "அக்கா, கரண்டு கம்மியா வருதோ?" என்று கேட்டான்.

அக்கா வேலையிலிருந்து நேராக ஸ்கூட்டரில் வந்தார். சத்தம் கேட்டதும் தம்பி அடுப்பை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். அக்கா மீட்டரைச் செருகினார். இருநூற்று முப்பது வோல்ட். "பாரு, கல்லு மாதிரி நிக்குது. கரண்டைக் குறை சொல்லாதே."

"லைட்டுகூட சோர்ந்து சோர்ந்து எரியுதுக்கா."

"பழைய குண்டு பல்புடா அது. அதுக்கு வயசாயிடுச்சு." உடனே எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது எவ்வளவு குறைவாகக் கரண்டு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மாதிரி எரிகிற ரகம். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் அக்கா தன் கையாலேயே கழற்றி எறிந்தார்.

அடுப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. சூடு ஏறுகிற வரை எரிந்து, வேண்டிய சூடு வந்ததும் அணைய வேண்டியது. அது அணையவே அணையாது. அதையும் தம்பி சொன்னான். "செகண்ட் ஹேண்டு அடுப்புதானே, விளக்கு ரிப்பேரா இருக்கும்" என்று அக்கா தீர்ப்பு எழுதினார்.

விஷயம் தெரியாதவர் அல்ல அக்கா. வேறு யார் வீட்டிலாவது இப்படி என்றால் முதல் வேலையாக ஒயரின் நீளத்தைத்தான் பார்த்திருப்பார். ஆனால் இது அவர் போட்ட ஒயர். தம்பிக்காக ஆசை ஆசையாக, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்துப் போட்ட ஒயர். அதன்மேல் சந்தேகம் எப்படி வரும்?

"கரண்டுல ஒரு குத்தமும் இல்லடா" என்றார் ஒருநாள், ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "உன் கையிலதான் பதம் வரல. அங்க மாஸ்டர் பக்கத்துல நின்னாரு, வந்துச்சு. போகப் போகச் சரியாயிடும்."

சொன்னவர் அடுத்த தெரு திரும்புவதற்குள் மறந்துவிட்டார். கேட்டவன் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி கேக்கைப் பார்ப்பதைவிடத் தன் கைகளைப் பார்ப்பதுதான் அதிகமாயிற்று. கேன்டீன்காரர்கள் நாகரிகமாக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிற வேலை இருப்பதாகத் தெரிந்தவர் சொல்ல, தம்பி சரி என்றுவிட்டான். "என் கைக்குக் கேக் வராதுக்கா. அட்டைப்பெட்டி பிரிக்கிறதுக்குப் பதம் வேண்டாம் பாரு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பையனுக்கு ஒரு வழி பிறந்ததே என்று அவன் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக்கொடுத்தார். அடுப்பை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

அடுப்பைப் பார்க்க வந்தவர் ஒரு பன் கடைக்காரர். வாயில் வாசனைப் பாக்கு, கண்ணில் சந்தேகம். அடுப்பைச் சூடேற்றிக் காட்டச் சொல்லிவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"ஏம்பா, இந்தச் சிவப்பு லைட்டு எப்பத்தான் அணையும்?"

 தம்பி அக்காவுக்குப் போன் போட்டான். வாங்குகிறவருக்குச் சந்தேகம் வந்தால் கரண்டு சரியாக இருக்கிறது என்று மீட்டர் வைத்துக் காட்டிவிட்டால் போயிற்று என்று அக்கா கிளம்பி வந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தம்பியின் கை சுவிட்சுக்குப் போயிற்று.

"ஆஃப் பண்ணாதப்பா!" என்று பன் கடைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"இல்லைங்க, அக்கா வராங்க. அவங்க வந்தா ஆஃப்ல இருக்கணும்."

"உங்க அக்கா வந்தா என்ன, கலெக்டர் வந்தா என்ன? வண்டி வாங்க வந்தவன் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? ஓடட்டும். நான் காசு குடுக்கிறது ஓடுற அடுப்புக்கு."

உள்ளே வந்த அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வாங்க வந்த மனிதரிடம் சண்டை போட முடியுமா? சரி, பலகையைத் திறக்கப்போவதில்லை, பக்கத்து பிளக்கில் மீட்டர் செருகுவதுதானே என்று செருகினார். "பாருங்க, இருநூத்து முப்பது, கல்லு மாதிரி..."

வார்த்தை அங்கேயே நின்றது. மீட்டர் நூற்றுத் தொண்ணூற்று மூன்று என்றது.

மீட்டரைத் தட்டினார். பாட்டரி போயிருக்கும் என்று முணுமுணுத்தார். "அடுப்பை ஆஃப் பண்ணுடா." தம்பி அணைத்தான். எண் விறுவிறுவென்று ஏறி இருநூற்று இருபத்தொன்பதில் நின்றது. "போடு." மறுபடியும் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. "ஆஃப் பண்ணு. போடு. ஆஃப் பண்ணு. போடு." பன் கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். 

அக்கா மீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே போனார். மதில் ஓரமாக ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மூலையில் பூனை வளையத்தின் மேல் சுருண்டு கிடந்தது. வெயில் இல்லாத நாள். மழை வருகிற மாதிரி குளிர்ந்த காற்று. அக்கா பூனையின் வயிற்றுக்கு அடியில் கையை நுழைத்து ஒயரைத் தொட்டுப் பார்த்தார். போர்வைக்குள் கைவிட்ட மாதிரி கதகதப்பாக இருந்தது. தூக்கம் கலைந்த பூனை அவரை முறைத்தது.

அவ்வளவு நாளும் கேக்கைத் தூக்கி நிறுத்த வேண்டிய சூடு, ஒரு பூனையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா அந்த மூலையிலேயே நின்றார். அவர் யோசித்தது பெரிய யோசனை இல்லை, ஆனால் லேசான யோசனையும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அடுப்பு போய்விடும், தம்பியும் போய்விடுவான், ஒயரை அவிழ்த்துச் சாக்கில் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வேலையில் இதுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டார்கள். சொன்னால், முன்பின் தெரியாத பன் கடைக்காரர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் பத்துப் பேரிடம் சொல்வார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதையெல்லாம் நினைத்து முடிப்பதற்குள், "என் கைக்குக் கேக் வராதுக்கா" என்ற சிரிப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.  கொட்டகைக்குள் திரும்பிப் போனார்.

"அண்ணே, இது நல்ல அடுப்பு" என்றார் பன் கடைக்காரரைப் பார்த்து. "சிவப்பு லைட்டும் ரிப்பேர் இல்லை. சூடு வந்தாத்தானே அது அணையும்? சூடு வரல. நான் போட்ட ஒயர் சரியில்லை. ஒல்லி ஒயரை, துண்டு துண்டா முறுக்கி, ஊரைச் சுத்திக் கொண்டுவந்து கட்டியிருக்கேன். பாதிச் சூடு மதில் சுவத்துலயே போயிடுச்சு."

தம்பி தன் கைகளைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப என் கை...?"

"உன் கையில ஒண்ணுமில்லடா." அக்கா அவன் பக்கம் திரும்பினார். "தெரியாம சொல்லிட்டேன்டா. உன் கை நல்ல கை."

பன் கடைக்காரர் பாக்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். "நல்லா இருக்குங்க நியாயம். அடுப்பு ரிப்பேர்னு நினைச்சப்ப எனக்குன்னீங்க. நல்ல அடுப்புன்னு தெரிஞ்சதும் இப்ப எனக்கு இல்லையா?"

"அடுப்பு அவனுது. அவனைக் கேளுங்க."

தம்பி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அடுப்பின் கதவைச் சட்டைக் கையால் துடைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துவிட்டுப் பன் கடைக்காரர், "வந்த பெட்ரோல் தண்டம்" என்று சொல்லியபடி செருப்பைத் தேடினார்.

அன்று மதியமே அக்கா குண்டு ஒயர் வாங்கிவந்தார். துண்டு இல்லை, முறுக்கல் இல்லை, ஒரே சுருள். ஹார்டுவேர் கடையிலேயே சுவர் துளைக்கிற மெஷினையும் இரவல் வாங்கினார். டியூட்டி முடிந்து வந்து நீலச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு எதிரே, சுவரின் நடுவிலிருந்து ஒரு இரும்பு மூக்கு சுற்றிக்கொண்டே வெளியே வந்தது.

"ஏய், என் சுவரு!"

"தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்க, மண்ணு விழும்" என்றது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "உங்க சுவரும் என் சாக்குப்பையும் சேர்ந்துதாங்க அவன் கேக்கு மேல உக்காந்திருக்கு."

அவர் தலையில் விழுந்த நீலத் தூளைத் தட்டிக்கொண்டார். பிறகு தட்டை வைத்துவிட்டு ஏணியைப் பிடிக்க எழுந்தார். அடுத்த ஓட்டை எங்கே போட வேண்டும் என்று அவரே பென்சிலால் குறித்தும் கொடுத்தார். இன்றைக்கும் அந்தச் சுவரில் ஒயர் நுழைகிற இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வேறு நீலமாக இருக்கும். அதே பெயின்ட் கிடைக்கவில்லை.

ஒயர் போட்டாயிற்று. பழைய ஒயரை அவிழ்த்தாயிற்று. படுக்கை பறிபோன பூனை மதிலின் மேல் நின்று எல்லோரையும் ஒரு முறை திட்டிவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா இரவல் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர ஸ்கூட்டரில் கிளம்பினார். தம்பி அடுப்பைப் போட்டுவிட்டு முட்டையை உடைத்து அடிக்க ஆரம்பித்தான். வெளியூர் போகிற பெட்டி, பூட்டு தொங்க, மைதா மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. இந்தத் தட்டும் அமுங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று அவன் மனசுக்குள் முடிவு செய்திருந்தான்.

அடுத்த தெருவில் ஸ்கூட்டர் இருமியது.

பழகிய கை. முட்டைக் கரண்டியை வைத்துவிட்டு அது பாட்டுக்குச் சுவிட்சை நோக்கிப் போயிற்று.

வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு இல்லாமல் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. "ஆஃப் பண்ணாதே! டேய், ஆஃப் பண்ணாதே!" என்று கத்திக்கொண்டே, ஒரு காலில் மட்டும் செருப்போடு அக்கா கொட்டகைக்குள் ஓடிவந்தார். சுவிட்சின் மேல் இருந்த அந்தக் கையை, முன்பு தான் அடித்த அதே கையை, எட்டிப் பிடித்து விலக்கினார். இரண்டு பேரும் மூச்சு வாங்க அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு, அந்த அடுப்பு அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, டக் என்று தானாகவே அணைந்தது.

தம்பி மாவைத் தட்டில் ஊற்றுவதற்காகத் திரும்பினான். முட்டையும் மாவும் பிசுபிசுக்கிற அவன் கையை அக்கா இன்னும் விடவில்லை.